வட்டிலப்பக் கோப்பையில் வளர்ந்த வேர்

சீதேவிப்பிள்ளையின் கைகளைப் பற்றிப் பழுகாமத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. புருஷன் இருந்த காலம் வரைக்கும் அவை ராசியான கைகள். அவள் கொடுத்த மிளகாய்க் கன்றை வேலிக்கரையில் குத்தி வைத்தாலும் காய்க்கும் என்று ஊர் சொன்னது. பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் சறுக்கிப் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அதே கைகள், இடது பெருவிரலில் மீன் அரியும் கத்தி போட்ட அதே தழும்போடு, ராசி கெட்டுப் போய்விட்டன. கைக்குள் அப்படி என்ன நடந்தது என்று எந்த வைத்தியரும் படம் பிடித்துப் பார்க்கவில்லை. ஊருக்கு அது தேவைப்படவுமில்லை.

அவள் பிறந்தது பெரியகல்லாற்றில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று மணல். தகப்பன் வீச்சுவலைக்காரர். சின்ன வயதில் மண்ணைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அது வெயிலில் காலைச் சுடும் என்பது மட்டும்தான். மீனைப் பற்றி அவளிடம் யாரும் கதைக்க முடியாது. இன்றைக்கும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்கமாட்டாள். விற்கிறவன் முறைத்தால், "நீ சிரிச்சுக் காட்டுறாய், மீன் செவுளைக் காட்டட்டும்" என்பாள்.

வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கமான படுவான்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருடம், கீரை என்று நினைத்துக் கோரைப்புல்லுக்கு வாரக்கணக்காகத் தண்ணீர் ஊற்றினாள். புருஷன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்க விட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் அவளில்லை. யாரிடமெல்லாம் கேட்கலாமோ அவர்களிடமெல்லாம் கேட்டாள். விதையை ஊறப்போட்டாள், மேடை கட்டினாள், கெடுத்தாள், மறுபடி கட்டினாள். நாலைந்து மாரி போவதற்குள் மிளகாய்க்கும் கத்தரிக்கும் தக்காளிக்கும் நாற்று வேண்டுமென்றால் ஊர் அவளுடைய வீட்டு வளவுக்குத்தான் வந்தது. இரண்டு விரல் உயரத்தில் நாற்றைப் பிடுங்கி, வேரில் ஈரம் காயாமல் வாழை மடலான தடலில் சுற்றிக் கொடுப்பாள். வியாழக்கிழமைகளில் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடிச் சந்தைக்கும் போவாள்.

புருஷன் இறந்த அடுத்த மாரியில் வாவி பெருகி வளவுக்குள் ஏறியது. நாற்றுமேடை முழுவதும் கரைந்து, விதையெல்லாம் நீரோடு போய்விட்டது. அந்தக் கதையைச் சந்தையில் பக்கத்துக் கடைக்காரி ஸஹீதாவிடம் சொன்னாள். ஸஹீதா காத்தான்குடிக்காரி. கைத்தறிச் சாரன்களும் சட்டைத் துணியும் விற்பவள். வாய் மூடினால் மூச்சு முட்டும் என்று நம்புகிறவள்.

"மேடைய மேல தூக்கு கா," என்றாள் ஸஹீதா. "வெள்ளம் ஏறாத இடத்தில வை."

"மண்மேடையத் தலையில சுமக்கச் சொல்லுறியோ?"

"கோப்பையில போடு. எங்கட தம்பி கலியாணச் சமையலுக்குப் போறவன். வட்டிலப்பம் குடுத்த கோப்பை சாக்குச் சாக்காக் கிடக்கு. குப்பையில போட எனக்கு மனசு வரல்ல."

முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பம் இல்லாமல் காத்தான்குடியில் கலியாணம் இல்லை. இப்போதெல்லாம் அதை ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் கொடுக்கிறார்கள். அந்தக் கோப்பைகள் கழுவித் துடைக்கப்பட்டு, ஸஹீதாவோடு பஸ் ஏறி, சீதேவிப்பிள்ளையின் சைக்கிளில் பாலம் கடந்து பழுகாமம் வந்து சேர்ந்தன. சுட்ட கம்பியால் அடியில் ஒரு துளை. உள்ளே மண்ணும் மக்கிய சாணமும். பலகைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். அந்த மாரியில் வாவி மறுபடியும் வளவுக்குள் வந்தது. தட்டின் காலை நனைத்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனது.

கன்றுகள் அழகாக இருந்தன. தடலில் சுற்றிக் கொடுத்த பழைய நாற்றுகள் அவற்றுக்குப் பக்கத்தில் நோயாளிகள். ஊர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள், உயரமானதாய்த் தேடித் தொட்டு வைத்தார்கள், ஆனால் எடுத்துப் போகவில்லை. தை பிறக்கட்டும் என்றார்கள். தை பிறந்தது. தங்கராசா நாள் சொல்லட்டும் என்றார்கள்.

தங்கராசாவுக்கு ஊர் வயல்வெளியான வட்டையில் சொந்த வயலும், மேட்டில் மிளகாய்த் தோட்டமும், வீட்டில் ஒரு பஞ்சாங்கமும் உண்டு. ஊரில் எதை நடுவதென்றாலும் அவர் நாள் பார்ப்பார். கெட்ட மனிதரில்லை. நாலு பேர் தன்னிடம் கேட்கிறார்கள் என்பதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். அந்தத் தையில் அவருடைய பஞ்சாங்கத்துக்கு ஒரு நாளும் பிடிக்கவில்லை. ஒன்று போனால் ஒன்று குறுக்கே வந்தது. கன்றுகள் கோப்பைக்குள்ளேயே பூத்தன. பூத்த கன்றைப் பார்த்து ஊர் இன்னும் சந்தோஷப்பட்டது. கடைசியில் மாசி நெருங்கும்போதுதான் நாள் கிடைத்தது. எல்லோரும் ஒரே காலையில் நட்டார்கள்.

அதற்குப் பிறகு அவை வளரவில்லை.

சாகவுமில்லை. நட்ட மட்டத்தில் நின்றன. இலை முதலில் வெளிறியது, பிறகு மஞ்சளடித்தது. பூ உதிர்ந்தது. பசளை போட்டார்கள், யூரியா எறிந்தார்கள். பாத்தியில் இருந்த களைகள் அதைச் சாப்பிட்டுக் கொழுத்தன. மிளகாய் மட்டும் விருந்து வீட்டு வாசலில் நிற்கிற கடன்காரன் போல ஒதுங்கி நின்றது.

அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது, சீதேவிப்பிள்ளை தாலி இழந்தவள் என்பது.

முதலில் மெதுவாகத்தான் சொன்னார்கள். பாவம், அவள் என்ன செய்வாள், கை அப்படி. பிறகு வாங்க வருகிறவர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஒருத்தி, கன்றைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்வதாகவும் சீதேவி தொட வேண்டாம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. மாதர் சங்கம் சிறுபோகத்தில் வீட்டுத்தோட்டங்களுக்கென்று மொத்தமாக நாற்று வாங்க இருந்தது. அந்த வேலை கிடைத்தால் அவளுடைய வருடம் ஓடும். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சியில் இருக்கிற மகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. கிடைக்காவிட்டால் குவைத்தில் யாருடைய குசினிக்கோ சமைக்கப் போக வேண்டும். பாஸ்போட்டை எடுத்து வைத்துவிட்டாள். ஏஜென்சிக்காரன் இரண்டு தரம் போன் எடுத்தும் விட்டான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலையில் தங்கராசா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் பிடுங்கிய மிளகாய்க் கன்று.

"இஞ்ச பார் சீதேவி. இது உன்ட கண்டுதான். நான் பசளை போடல்லயோ? தண்ணி விடல்லயோ? வச்ச மட்டத்தில அப்படியே நிக்குது. எனக்கு உன்னில கோவமில்ல புள்ள. ஆனா இனி ஊருக்குள்ள கண்டு குடுக்காத. உனக்கும் பழி, எங்களுக்கும் நட்டம்."

கன்றை முற்றத்தில் போட்டுவிட்டு, மறுமொழிக்கு நிற்காமல் போய்விட்டார்.

சீதேவிப்பிள்ளைக்கு வாயில் வந்த வசைகள் எல்லாம் பெரியகல்லாற்று வசைகள். கடற்கரையில் பழகியவை, நீளமானவை. முதலாவதைத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். முற்றத்தில் கிடந்த கன்றைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறினாள். மண் உதிரவில்லை. வேர் மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தது. அடிப்பக்கம் ஒடுங்கி, மேல்பக்கம் அகன்று, பக்கங்களில் கோப்பையின் வரிகள் கூட அப்படியே பதிந்து... நட்டு இத்தனை நாளாகியும் அந்தக் கன்று இன்னும் கோப்பைக்குள்தான் இருந்தது. கோப்பையைக் கழற்றியது அதற்குத் தெரியாது!

அடுத்த வியாழக்கிழமை அதைச் சந்தைக்குக் கொண்டுபோய் ஸஹீதாவின் துணிகளுக்கு நடுவே தலைகீழாக வைத்தாள்.

"அல்லாஹ்வே!" என்றாள் ஸஹீதா. "வட்டிலப்பம்!"

"நல்லாப் பாரு. உன்ட கோப்பை."

"என்ட கோப்பையெண்டா? கோப்பையக் குத்தம் சொல்லாத கா. நான் உனக்கு வெள்ளத்துக்குத்தான் தந்தன், குடியிருக்கத் தரல்ல." பிறகு சுண்டு விரலால் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே வேர்கள் கயிறு சுற்றி வைத்தது போல வளையம் வளையமாகக் கிடந்தன. "இதென்னகா, பாம்பு மாதிரிச் சுத்திக் கிடக்கு. ஒரு வேரும் வெளியால வரல்லயே."

"ஏன் வரல்ல எண்டுதான் எனக்கும் விளங்கல்ல."

விளங்க வைத்தவர் விவசாயப் போதனாசிரியர் பிரஷாந்தி. நிறையக் கிராமங்களுக்கு ஒரே ஆளாகப் பழைய ஸ்கூட்டரில் ஓடித் திரிகிற இளம்பெண். களுவாஞ்சிகுடியில் தேநீர் குடிக்க நின்றவரைச் சீதேவிப்பிள்ளை வழிமறித்தாள். பிரஷாந்தி தேநீரை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சீட்டின் மேல் கன்றைக் கிடத்தி, பேனைக்கத்தியால் அந்த உருண்டையை நீளவாக்கில் பிளந்தார்.

"அக்கா, பழுகாமத்தில கொச்சி மிளகாய் மஞ்சளடிக்குதெண்டு சொன்னாங்க. நான் வைரஸ் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். இதப் பாருங்க. வேர் கோப்பைச் சுவரில முட்டினதும் திரும்பியிருக்கு. திரும்பித் திரும்பிச் சுத்திப் பழகி, கட்டையாகி, அந்தச் சுத்திலயே நிண்டிற்று. பிறகு நிலத்தில வச்சாலும் அது சுத்தினபடிதான்."

"அதுக்குள்ள இருந்த மண்ணத் திண்டு முடிச்சிருக்கும்?"

"எப்பயோ முடிஞ்சிரும். செடி பழைய தடிச்ச வேரால சாப்பிடுறதில்ல அக்கா. புதுசா ஓடுற வேர் நுனியும், அதில மயிர் மாதிரி இருக்கிற தூவியும்தான் சாப்பிடும். அடிப் பசளை போட்ட இடத்தில அப்படியே கிடக்கும், நகராது. வேர்தான் தேடிப் போகணும். யூரியா அப்படியில்ல, தண்ணியோட கீழ இறங்கி ஓடிரும். அதப் பிடிக்க வேர் ஆழத்துக்குப் போகணும். இது பக்கத்துக்கும் போகல்ல, ஆழத்துக்கும் போகல்ல. நீங்க ஒரு மூட்டை போட்டாலும் இது பசியோடதான் நிக்கும்."

சீதேவிப்பிள்ளை பிளந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகப்பன் வீச்சுவலை எறிவது அவளுக்கு ஞாபகம் வந்தது. நல்ல கை வீசினால் வலை வானத்தில் குடை போல விரிந்து விழும். விரியாமல் முறுகி விழுந்தால், கீழே வாவி நிறைய மீன் இருந்தாலும், மேலே வருவது பாசிதான்.

"வலை விரியல்ல," என்றாள்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்ல மிஸ். மீனெண்டாச் செவுளப் பாத்து வாங்குற நான், மிளகாய்க் கண்டுகள இலையப் பாத்து வித்திருக்கன். உங்கட தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

திரும்பி வரும் வழியில், பாலத்தின் மேல் சைக்கிளை மிதித்துக்கொண்டே யோசித்தாள். கோப்பை அவளுடைய யோசனை. அது அவளுடைய பிழை. ஆனால் தையில் நட்டிருந்தால் வேர் இந்த அளவுக்குச் சுற்றியிருக்காது. நல்ல நாளுக்காகக் காத்திருந்த வாரங்களில்தான் அந்தக் கன்றுகள் தங்களைத் தாங்களே முடிச்சுப் போட்டுக்கொண்டன. அந்தப் பங்கு தங்கராசாவுடையது. அதை அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

மாதர் சங்கக் கூட்டம் பலநோக்குக் கட்டடத்தில் நடந்தது. நாற்று எங்கே வாங்குவது என்பதுதான் விஷயம். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் லொறியில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார். நாள் சொல்வதற்காகத் தங்கராசாவும் ஓரமாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சீதேவிப்பிள்ளை எழுந்தாள்.

"தையில குடுத்த கண்டெல்லாம் பழுதாப் போனது என்ட பிழை."

பிழையை ஒப்புக்கொள்ளும் பேச்சு அந்தக் கூரைக்குப் புதிது.

"அப்படிச் சொல்லாத சீதேவி," என்று தலைவி இரக்கத்தோடு குறுக்கிட்டாள். "நீ என்ன செய்வாய்? உன்ட கைக்கு விதிச்சது அது."

"விதியெண்டா எனக்கு ஒரு வேலையுமில்ல அக்கா, வீட்டில படுத்துக் கிடக்கலாம். பிழையெண்டாத் திருத்தலாம். எனக்குப் பிழையத் தாங்க, போதும்." பையிலிருந்து பிளந்த வேரை எடுத்து மேசையில் வைத்தாள். கோப்பை, சுற்றிய வேர், பசளை, எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் தங்கராசாவின் பக்கம் திரும்பினாள். "இதில பாதிப் பிழை உங்கட, அண்ணன். நீங்க நாள் தேடித் தேடி அதுகளக் கோப்பைக்குள்ள கிழவியாக்கிப் போட்டீங்க."

சில பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். தங்கராசா கதிரையில் நிமிர்ந்தார்.

"நாள்ல பிழை பிடிக்காத. கைதான்."

"கைதானெண்டா ஒண்டு கேக்கிறன். உங்கட பொஞ்சாதி போய் எத்தின வருசம்? உங்கட கை மட்டும் எப்படி இன்னும் ராசியாக் கிடக்கு?"

"ஆம்புளைட கை வேற," என்றார் தங்கராசா.

"எப்படி? விரல் கூடவா?"

கட்டடம் சிரித்தது. தங்கராசாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். சிரித்த வாயோடு ஒரு பந்தயத்துக்கும் சம்மதித்தார். அவருடைய தோட்டத்தில் இரண்டு வரி. கன்றுகள் இரண்டுக்கும் சீதேவியின் தட்டில் மிஞ்சிக் கிடப்பவை. ஒரு வரியை அவருடைய மருமகள் மேனுகா, அவர் சொல்லும் நல்ல நேரத்தில், கன்றை உள்ளபடி நடுவாள். மற்ற வரியைச் சீதேவிப்பிள்ளை இராகு காலத்தில், பிரஷாந்தி சொல்லிக் கொடுத்தபடி வேரைச் சவரப் பிளேட்டால் கீறி நடுவாள். தண்ணீரும் பசளையும் ஒன்றே. எது தழைக்கிறதோ அதைப் பார்த்துச் சங்கம் முடிவெடுக்கட்டும்.

மேனுகா அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்தான். அவள் வந்த போகத்தில் வயல் நன்றாக விளைந்தது. மழை, மண், பக்கத்து வாய்க்காலைத் திருத்திய நாலு பேரின் முதுகுவலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஊர் அவளுடைய கைக்கு மாலை போட்டது. அன்றிலிருந்து யாருடைய வயலென்றாலும் முதல் பிடி விதை அவள்தான் எறிய வேண்டும்.

"ராசிக்காரியா இருக்கிறது லேசில்ல மாமி," என்றாள் மேனுகா, நல்ல நேரத்தில் கன்று நட்டுக்கொண்டே. "வெள்ளண வந்து எழுப்பிருவாங்க. காய்ச்சலெண்டாலும் விடமாட்டாங்க. ஒரு நாளைக்குப் பொய்ச்சுதெண்டா என்ன செய்யிறது?"

"பொய்ச்சா நிம்மதியா நித்திரை கொள்ளு," என்று சிரித்துவிட்டுப் போனாள் சீதேவிப்பிள்ளை. அந்தக் கேள்வியை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய மனம் முழுவதும் அடுத்த வரியில் இருந்தது.

இராகு காலம் வந்ததும் வேலையைத் தொடங்கினாள். கோப்பையைத் தட்டிக் கன்றை எடுத்து, பக்கங்களில் மேலிருந்து கீழாகக் கீறினாள். அடியில் இருந்த வளையத்தை வெட்டி எறிந்தாள். தங்கராசா தன் உடம்பில் கீறுவது போல முகத்தைச் சுழித்தார்.

"கொல்லுறாய் புள்ள."

"முடிச்ச அவிழ்க்கிறன் அண்ணன்."

முதல் நாட்களில் அவளுடைய வரி வாடித் தொங்கியது. தங்கராசா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவள் தென்னோலை வெட்டி இரண்டு வரிக்கும் நிழல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு மெல்ல மெல்ல நிலைமை மாறியது. வெட்டிய இடங்களிலிருந்து வெள்ளை வேர்கள் வெடித்து, மண்ணுக்குள் நாலு பக்கமும் ஓடியிருக்க வேண்டும். மேலே அதற்குச் சாட்சியாகக் கரும்பச்சைத் தளிர் வந்தது. பங்குனி முடியும்போது சீதேவியின் வரி பூவோடு நின்றது. மேனுகாவின் வரி, வைத்த மட்டத்தில், வெளிறி.

தங்கராசா தோற்றதற்காக முகம் கறுக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். சந்தோஷப்பட்டார்.

"சீதேவி, உன்ட கை திரும்பி வந்திற்று!" என்று தோட்டத்தில் நின்ற பெண்கள் கேட்கச் சொன்னார். "இராகு காலத்திலயும் பிடிக்குதெண்டா அது சும்மா கையில்ல." அதே மூச்சில், குரலைத் தாழ்த்தி, "எங்கட மேனுகாட கைக்குத்தான் என்னமோ நடந்திற்று" என்றார்.

பெண்கள் தலையாட்டினார்கள். சங்கம் சீதேவியிடமே நாற்று வாங்குவது என்றாகியது. அந்தக் கிழமையிலிருந்து மேனுகாவை யாரும் விதைப்புக்கு எழுப்பவில்லை. வீட்டில் விதைநெல் மூட்டையை அவிழ்க்கப் போனவளைத் தங்கராசா, "நீ விடு மகள், நான் பாக்கிறன்" என்று நிறுத்தினார். பிள்ளை ஒன்றும் தங்காததற்கும் அந்தக் கைதான் காரணமோ என்று கிணற்றடியில் ஒருத்தி தொடங்கியிருந்தாள்.

மேனுகா சீதேவிப்பிள்ளையின் படலையடிக்கு வந்தாள். அழவில்லை.

"நான் அண்டைக்கே கேட்டன்தானே மாமி. நீங்க சிரிச்சிற்றுப் போனீங்க."

சீதேவிப்பிள்ளைக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. கேட்டது கிடைத்திருந்தது. வேலை கையில். பாஸ்போட் பெட்டிக்குள். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ராசியான கை என்று ஊர் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடும். அவள் தலையிலிருந்து இறக்கிய கல்லை ஒரு இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏற்றிக் கொடுத்தது சீதேவியின் பந்தயம்.

பயிற்சி ஒன்றுக்காக வெளியூர் போயிருந்த பிரஷாந்தி அந்த வாரம் திரும்பி வந்து இரண்டு வரியையும் பார்த்தார். சிரித்தார்.

"வேர் நல்லா வந்திருக்கு அக்கா. ஆனா நீங்களும் தங்கராசா ஐயா செய்த பிழையத்தான் செய்திருக்கிறீங்க. கையையும் மாத்தி, வேரையும் மாத்திப் போட்டா, எது செய்ததெண்டு எப்படிச் சொல்லுற? உங்கட புருஷன் போனதும் கோப்பை வந்ததும் ஒரே காலம். ஊர் கையப் பிடிச்சிது. இப்பயும் கையைத்தான் பிடிச்சிருக்கு."

"அப்ப என்ன செய்யலாம்?"

"கைய மாத்துங்க."

அடுத்த நாள் காலையில் சங்கத்துப் பெண்களையெல்லாம் தங்கராசாவின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள் சீதேவிப்பிள்ளை. தட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கன்றுகளைக் கொண்டுவந்தாள். கீறவில்லை, வெட்டவில்லை. ராசியானதென்று இப்போது பேர் வாங்கிய தன் கையாலேயே, உள்ளபடி, வரியின் நுனியில் நட்டாள். பிறகு பிளேட்டை மேனுகாவிடம் நீட்டினாள்.

"உன்ட வரியில பாதியக் கிளப்பு. கீறு. திரும்ப வை."

"வேணாம் மகள்," என்றார் தங்கராசா. "விடு, நட்டது நட்டதா இருக்கட்டும்."

மேனுகா பிளேட்டை வாங்கிக்கொண்டாள். "வச்ச கை என்ட, மாமா. எடுக்கிறதும் என்ட கையா இருக்கட்டும்." முதல் கன்றைக் கிளப்பினாள். மண்ணிலிருந்து ஒரு வட்டிலப்பம் வெளியே வந்தது. சுற்றி நின்ற பெண்கள் முதல் தரமாகக் குனிந்து பார்த்தார்கள். கிணற்றடியில் பேசிய பெண்ணும் குனிந்தாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கெண்டு எல்லாரும் பாத்துக்கொள்ளுங்க," என்றாள் சீதேவிப்பிள்ளை. "இவட கையில ஒண்டுமில்ல. என்ட கையிலயும் ஒண்டுமில்ல. என்ன ராசிக்காரியெண்டு இனி ஆராவது சொன்னா, கெட்ட வார்த்தை சொன்னதா எடுத்துக்கொள்ளுவன். எனக்குப் பெரியகல்லாற்றுப் பாஷை தெரியும்."

சித்திரை முடியும்போது மேனுகாவின் பாதி வரி பச்சை பிடித்தது. கீறாத மறுபாதி மஞ்சளாகவே நின்றது. ராசியான கையால் சீதேவி நட்ட கன்றுகள் அதைவிட மஞ்சள். தங்கராசா தினமும் காலையில் போய் மூன்றையும் பார்த்தார். விதைநெல் மூட்டையை அவிழ்க்க மேனுகா போனபோது தடுக்கவில்லை. யாரும் விடியமுன் அவளை எழுப்பவுமில்லை. அதில்தான் அவளுக்கு அதிக சந்தோஷம்.

சங்கத்துக்கான நாற்றைச் சீதேவிப்பிள்ளை அதே வட்டிலப்பக் கோப்பைகளில்தான் போட்டாள். ஆனால் அடியை முழுதாக வெட்டியெடுத்து, கம்பி வலைத் தட்டின் மேல் வைத்தாள். கீழே வந்த வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து நின்றுவிடும், மேலே பக்க வேர்கள் வெடிக்கும் என்று பிரஷாந்தி சொல்லியிருந்தார். யாரும் கேட்காமலேயே, இரண்டு விரல் உயரத்தில், கன்று பார்க்க அழகாவதற்கு முன்பே, எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஊரை விரட்டினாள். தங்கராசாவின் பஞ்சாங்கத்துக்கு அவள் காத்திருக்கவில்லை. அவரும் அதைக் கையில் எடுத்துவரவில்லை. சட்டைப்பையில் வைத்திருந்தார்.

முதல் நடுகை தலைவியின் வளவில். எல்லோரும் கூடினார்கள். பாத்தி தயார், குழி தயார், தண்ணீர் தயார். ஒருவரும் குனியவில்லை.

"முதல் கண்ட ஆர் வைக்கிற?" என்று தலைவி கேட்டாள்.

சீதேவிப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேனுகாவும் கட்டிக்கொண்டாள். தங்கராசா வானத்தைப் பார்த்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேரைக் கண்ணால் கண்டவர்கள்தான், ஆனால் முதலாவதாகக் குனிய ஒருத்திக்கும் துணிவில்லை. பிழையாய்ப் போனால் கெட்ட பேர் வரும்.

அன்றைக்கு ஸஹீதா அடுத்த சாக்குக் கோப்பையோடு வந்திருந்தாள். அவளுக்குத் திரும்பிப் போக ஒரே ஒரு பஸ்தான் இருந்தது.

"என்னகா இது, மையத்து வீடு மாதிரி எல்லாரும் நிக்கிறீங்க? எனக்கு நிக்க ஒண்ணா, பஸ் போகப்போகுது." பிறந்ததிலிருந்து ஒரு கீரை விதையும் போட்டறியாத காத்தான்குடித் துணிக்கடைக்காரி, ஒரு கன்றை எடுத்து, கோப்பையை உருவிவிட்டு, குழியில் வைத்து, மண்ணை அணைத்து, கையைத் தட்டினாள். "சரிதானே? இப்ப வேலையப் பாருங்க."

தங்கராசா சட்டைப்பைப் பஞ்சாங்கத்தைத் தொட்டார். கையை எடுத்தார். பெண்கள் குனிந்தார்கள். அரை மணி நேரத்தில் பாத்தி நிறைந்துவிட்டது. ஸஹீதாவும் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

அந்தப் போகம் மிளகாய் சடைத்துக் காய்த்தது. ஸஹீதா வைத்ததும் காய்த்தது, மற்றவர்கள் வைத்தவையும் காய்த்தன. பார்த்து வித்தியாசம் சொல்ல யாராலும் முடியவில்லை. சீதேவிப்பிள்ளை பாஸ்போட்டைப் பெட்டியின் அடியில், கலியாணச் சேலைக்குக் கீழே போட்டு வைத்தாள்.

ஆவணியில் ஒருநாள் தங்கராசா அவளுடைய படலையடியில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சீதேவி, மாரிக்குக் கண்டு போடுறாய்தானே?"

"போடுறன் அண்ணன். எத்தின வேணும்?"

"அது கிடக்கட்டும்." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காத்தான்குடிப் புள்ள... மாரி நடுகைக்கும் ஒருக்கா வந்து போவாவோ?"

சீதேவிப்பிள்ளை அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கையில் கிடைத்தது ஒரு அடி வெட்டிய கோப்பை. அதை அவர் தலையில் எறிந்துவிட்டுத்தான் சிரிக்கத் தொடங்கினாள்.